குற்றவியல் முதுநிலைப் படிப்பு: கேள்வி பதில்

கேள்வி (வேதியியல் பட்டதாரி): குற்றவியல் எம்.ஏ. முடித்தால் தடயவியல் ஆய்வகத்தில் சேரலாமா?

பதில்: அதற்கு இந்தப் பட்டம் உதவாது. ரத்தக்கறை யாருடையது என்று கண்டறிவது தடய அறிவியல். அந்தக் குற்றம் ஏன் நடந்தது, காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் அதை எப்படிக் கையாண்டன என்று ஆராய்வது குற்றவியல். ஆய்வகம்தான் உங்கள் விருப்பம் என்றால் தடய அறிவியல் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி (பி.ஏ. வரலாறு, தென்காசி): தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்? சட்டம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: சென்னைப் பல்கலைக்கழகத்திலும், உங்களுக்கு அருகிலேயே மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. சட்டத்தை வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம். பலர் தடுமாறுவது புள்ளியியலில்தான். ஒரே முதல் தகவல் அறிக்கையில் கொலையும் திருட்டும் இருந்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைக் கொலைக் கணக்கில் மட்டுமே சேர்க்கும். ஒரு மாவட்டத்தில் வழக்குகள் கூடியிருந்தால் குற்றம் கூடியது என்று உடனே சொல்லிவிட முடியாது. மக்கள் துணிந்து புகார் கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். இதைப் பிரித்தறியத் தெரியாதவர் குற்றவியலாளர் ஆக முடியாது.

கேள்வி (முதுநிலை இரண்டாம் ஆண்டு): ஆய்வேட்டுக்குத் தலைப்பு சொல்லுங்கள் ஐயா. வகுப்பில் எல்லோரும் சைபர் குற்றத்தையே எடுக்கிறார்கள்.

பதில்: விசாரணைக் கைதிகளைப் பற்றி எழுதுங்கள் அம்மா. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் தீர்ப்பு வராதவர்கள். ஜாமீன் கிடைத்தும், ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவைப் படியுங்கள். முன்பு தண்டனை பெறாத ஒருவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் நீதிமன்றம் அவரைப் பிணையில் விடவேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. இதற்காக நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும் பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளரிடமே கொடுத்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த விண்ணப்பங்கள் உரிய காலத்தில் போகின்றனவா? இந்த ஒரு கேள்வியே போதும். சிறைக்குள் செல்ல அனுமதி கிடைக்கத் தாமதமாகலாம். அதுவரை, இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்களையும் விடுதலையானவர்களையும் சந்தியுங்கள். பேச விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி (ஒரு தந்தை): மகன் காவல் உதவி ஆய்வாளர் ஆக விரும்புகிறான். இந்தப் படிப்பு அவசியமா?

பதில்: அவசியமில்லை, ஏதேனும் ஒரு பட்டம் போதும். குற்றவியல் படித்தவர்களுக்குச் சிறார் நீதி, நன்னடத்தைக் கண்காணிப்பு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு அறிவிக்கையிலும் கல்வித் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

கேள்வி (சமூகப்பணி மாணவி): பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பணியாற்ற வேண்டும். இந்தப் படிப்பில் அதற்கு இடம் உண்டா?

பதில்: உண்டு. பாதிக்கப்பட்டோரியல் என்ற தாளைத் தவறவிடாதீர்கள். குற்றவாளி பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் அரசிடம் இழப்பீடு கோரலாம். அந்த வழி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவில் இருக்கிறது. அது தெரியாத குடும்பங்கள் ஏராளம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் களப்பயிற்சி கேளுங்கள். விண்ணப்பம் எழுதக்கூட ஆளில்லாமல் வருபவர்களை அங்கேதான் சந்திப்பீர்கள்.