மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலிவதற்கு 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'தான் காரணமா? ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை உதவுமா?

காரணங்களில் அதுவும் ஒன்று. (உடம்பில் அடங்காத ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல்களைக் கெடுப்பதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். அவற்றை அடக்குவது ஆன்டிஆக்ஸிடன்ட்.) மாத்திரை டப்பா வாங்குவதற்கு முன்னால் எங்கம்மா கதையைக் கேட்டுவிடுங்கள்.

மதுரை தெப்பக்குளம் பக்கம் எங்கள் வீடு. போன மார்கழியில் கோலம் போட இறங்கிய அம்மா, வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. வயது 58, மாதவிலக்கு நின்று பத்து வருஷம். பெரியம்மா புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். சித்தப்பா சாயங்காலம் தவறாமல் நெஞ்செலும்பு சூப் வாங்கி வந்தார். (ருசிக்குக் குறையில்லை, அதில் இறங்கும் கால்சியம்தான் சொற்பம்.) மாவுக்கட்டு போட்ட டாக்டர், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முதுகெலும்பில் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.8. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய்தான். நம்ம ஊரில் இதையும் மூட்டு வலியையும் சேர்த்துத் 'தேய்மானம்' என்றுவிடுகிறோம். இரண்டும் வேறு. எலும்பு மெலிவது வலிக்காது, ஒடியும்போதுதான் தெரியும்.

எலும்பு எங்கள் தெரு மாதிரி. ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே இருப்பார்கள், இன்னொரு பக்கம் மூடிக்கொண்டே வரவேண்டும். தோண்டும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிலக்கு நின்று அது குறைந்ததும், எலும்புக்குள் உடம்பே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்டான குளூட்டாதயோன் போன்ற தற்காப்பும் குறைகிறது. அடங்காத ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, தோண்டுகிறவர்களை உசுப்பிவிடுகின்றன, மூடுகிறவர்களைச் சாகடிக்கின்றன. முதல் ஐந்தாறு வருஷம்தான் இழப்பு வேகமாக இருக்கும்.

ஈஸ்ட்ரோஜன் குறைவதற்காகச் சினைப்பை எடுத்த எலிகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்து எலும்பு இழப்பைத் தடுத்த ஆய்வு 2003இல் வந்தது. மாத்திரை விற்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த மாதிரி எலிகளைத்தான். பெண்களுக்கு எலும்பு முறிவைக் குறைக்கும் என்று எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் உறுதிப்படவில்லை. வைட்டமின் ஏ அளவு மீறினால் எலும்புக்கே கேடு.

அம்மாவுக்கு டாக்டர் எழுதியது கால்சியம், வைட்டமின் டி, எலும்பு இழப்பைக் குறைக்க வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. வீட்டில் கேப்பைக் களியும் கூழும் திரும்பி வந்தன. 100 கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கட்டுப் பிரித்ததும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.

அந்த வார மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் குடிக்கவும் கூடாது. மணிக்கட்டு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்ட எங்கம்மா, ஞாயிற்றுக்கிழமை காபி தள்ளிப்போகும் அந்த அரை மணிக்குத்தான் எங்கள் எல்லோரையும் திட்டுகிறார்.