சின்ன இலங்கைக்குள் ஏன் இத்தனை வகைக் காலநிலை?

இலங்கை சின்னத் தீவுதானே, ஒரு பக்கம் மழை கொட்ட மறுபக்கம் ஏன் காய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடுவில் நிற்கும் மலைதான் முக்கியக் காரணம். கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் இருக்கும் வால்பாறையில் மழையைக் கொட்டிவிட்டு, மலைக்குக் கிழக்கே சமவெளியில் இருக்கும் பல்லடத்துக்குப் பெரும்பாலும் வெறுங்காற்றாகத்தான் வரும். இலங்கையிலும் மே முதல் செப்டம்பர் வரை அதே காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து பொழிகிறது. மலை தாண்டி இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மி.மீ.யைத் தாண்டும்! டிசம்பரில் வடகிழக்குக் காற்று வந்ததும் எல்லாம் தலைகீழ்; அப்போது கிழக்குக் கரையில் இருக்கும் மட்டக்களப்புப் பக்கம் நல்ல மழை. வடமேற்குக் கரையில் இருக்கும் மன்னார் பாவம், தட்டை நிலம். காற்றை மேலே தூக்க அங்கே மலையே இல்லை, அதனால் மழையும் குறைவு.

அப்புறம் வெப்பம். நிலநடுக்கோடு பக்கம், சுற்றிலும் கடல்; அதனால் கொழும்பில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெக்கைதான். நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே சராசரி 16 டிகிரி அளவில்தான் இருக்கும்.