நான் பேசாத தொடரில் என் குரல்: வேலைநிறுத்தம் செய்தால் தப்பா?

கேள்வி:

வணக்கம் மேடம். சாலிகிராமம், வடபழனி பக்கத்து டப்பிங் தியேட்டர்களில் 19 வருடமாகக் குரல் கொடுத்து வருகிறேன். சீரியல், மொழிமாற்றுப் படம், கார்ட்டூன் எல்லாம் பேசியிருக்கிறேன். 2016-ல் ஒரு நிறுவனம், போன் செய்தால் தானாகப் பதில் சொல்லும் குரலுக்காக என்று சொல்லி, நான்கு நாள் உட்காரவைத்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படிக்கச் சொன்னது. 25,000 ரூபாய் கொடுத்தார்கள். "எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும் நிறுவனத்துக்கே" என்று ஒரு பக்க ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எத்தனை வருடத்துக்கு என்று அதில் இல்லை.

போன மாதம் என் தங்கை மகள் பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூனில் என் குரல் கேட்டது. அந்தத் தொடருக்கு நான் பேசவே இல்லை. இப்போது எனக்கு வேலை தரும் கோஆர்டினேட்டர் ஒரு புது ஒப்பந்தத்தை நீட்டுகிறார். "குரல் மாதிரியை ஏஐ உட்பட எந்தத் தொழில்நுட்பத்துக்கும் பயன்படுத்தலாம்" என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து கால்ஷீட் இல்லையாம். ஹாலிவுட்டில் செய்தது போல எல்லோரும் வேலையை நிறுத்துவோம் என்கிறார்கள் கூட இருப்பவர்கள். செய்தால் எங்கள் மேல் வழக்கு வருமா? போன குரலுக்கு ஏதாவது கிடைக்குமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரி, அந்தப் புது ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த மாத வாடகையை நினைத்தால் இது எவ்வளவு கடினம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். "குரல் மாதிரி" என்று அதில் இருப்பது இனிமேல் பேசப்போவதை மட்டுமா, இதுவரை எங்கெங்கோ பதிவானதையும் சேர்த்தா என்று படித்துப் பாருங்கள். பழையதும் அதில் அடங்குமானால், 2016-ல் எடுத்துக்கொண்டதற்கு இன்று நீங்களே சம்மதம் எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். இன்றைக்கு உங்கள் வழக்கு பலமாக இருக்கிறது. அந்த ஒரு கையெழுத்தில் அது கரைந்துபோகும்.

பலமாக இருக்கிறது என்று ஏன் சொல்கிறேன்? 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் தயாரிப்பாளருக்கும் மட்டுமானதல்ல. நடிப்பவர், பாடுபவர், பேசுபவர் எல்லோருக்கும் "நிகழ்த்துநர் உரிமை" என்று ஒன்றை 38-வது பிரிவு தருகிறது. 2012-ல் வந்த திருத்தம் அதை இன்னும் உறுதியாக்கியது. அந்த உரிமை 50 வருடம் நிற்கும். உங்கள் குரலைப் பதிவு செய்வதும், மின்னணு முறையில் சேமித்து மறுபடி படியெடுப்பதும் உங்கள் அனுமதிக்கு உட்பட்டவை. "மேடையில் நேரடியாக நிகழ்த்தினால்தானே நிகழ்த்துதல், ஸ்டூடியோவில் படித்தது எப்படி?" என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். அதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2006-லேயே, பாடகி நேஹா பாசின் வழக்கில் பதில் சொல்லிவிட்டது: ஸ்டூடியோவில் பாடினாலும் முதலில் அது நேரடி நிகழ்த்துதல்தான்.

இன்னொரு விஷயம் உங்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. சினிமாவுக்குக் குரல் கொடுத்திருந்தால் நிலைமை சிக்கல். எழுத்து மூலம் சம்மதித்துப் படத்தில் சேர்ந்த நிகழ்த்துதலை அந்தப் படத்தில் தயாரிப்பாளர் அனுபவிப்பதைப் பிறகு எதிர்க்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி மட்டும்தான் கேட்கலாம். அதோடு, தற்செயலாகச் சிறு பங்களிப்பு செய்து, தொழில் வழக்கப்படி டைட்டிலிலும் பெயர் வராதவர்களைச் சட்டம் பெரும்பாலும் நிகழ்த்துநராகவே கணக்கில் எடுப்பதில்லை. கூட்டக் குரல் கொடுக்கும் நம் பிள்ளைகள் அடிபடுவது இந்த இடத்தில்தான். நீங்கள் 2016-ல் படித்தது எந்தப் படத்துக்கும் அல்ல. இந்த இரண்டு தடையும் உங்களைத் தொடாது.

இனி அந்த ஒரு பக்கத் தாள். "எல்லா உரிமைகளும்" என்று இருப்பதைப் பார்த்து நீங்கள் மனம் விட்டுப்போயிருக்கிறீர்கள். சட்டத்தின் 39ஏ பிரிவு, பதிப்புரிமையை எழுதிக்கொடுப்பதற்கான 18, 19-வது பிரிவுகளின் விதிகளை நிகழ்த்துநர் உரிமைக்கும் பொருத்துகிறது. 19-வது பிரிவின்படி, எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் அந்த உரிமை மாற்றம் 5 வருடத்துக்கு மட்டுமே. உங்கள் தாள் 2016-ல் எழுதியது. 2021-லேயே அதன் ஆயுள் முடிந்தது. 18-வது பிரிவு அடுத்த கதவையும் அடைக்கிறது. எழுதிக்கொடுத்த நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்தத் தாள் செல்லாது. 2016-ல் தமிழ் கார்ட்டூனுக்குக் குரல் நகல் எடுத்துப் பேசவைக்கும் தொழில் இங்கே நடந்ததா? இல்லை. போன் பதிவுக்காக என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள்? அதைக் காட்டும் ஒரு மெசேஜ், ஒரு மெயில், ஒரு வவுச்சர் கிடைத்தால்கூடப் போதும், தேடி எடுங்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எதுவாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "கார்ட்டூனில் வருவது அவருடைய பதிவே அல்ல, இயந்திரம் புதிதாக உண்டாக்கிய ஒலி" என்பார்கள். அதற்குத்தான் இரண்டாவது கால் வேண்டும்: ஆளுமை உரிமை, அதாவது ஒருவரின் பெயர், உருவம், குரல் போன்ற அடையாளங்களை அவர் அனுமதியின்றிப் பிறர் பயன்படுத்தக் கூடாது என்பது. பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில், அனுமதியின்றி ஏஐ மூலம் ஒருவர் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நம் சென்னை உயர் நீதிமன்றமே 2015-ல் ரஜினிகாந்த் வழக்கில் அவருடைய பெயர், தோற்றம், பாணி ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை கொடுத்திருக்கிறது. "அவர்கள் நட்சத்திரங்கள், நான் யார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த உரிமை பிரபலங்களின் வழக்குகளில்தான் வளர்ந்தது. அதனால்தான் உங்கள் மனுவில் நிகழ்த்துநர் உரிமையை முதலில் வைக்கச் சொல்கிறேன். ஆனால் ஒருவரின் பெயரையோ உருவையோ அவர் சம்மதமின்றி விளம்பர நோக்கில் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் ராஜகோபால் வழக்கில் சொன்னது. அந்தரங்க உரிமை நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியதல்ல. குரலும் அதில் சேரும் என்று நாம் வாதாட வேண்டும், நான் அதை முழு நம்பிக்கையோடு வாதாடுவேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: அந்தத் தொடரின் பகுதிகளை, தேதி, தளம், எபிசோடு எண், டைட்டில் பட்டியல் தெரிகிற மாதிரி பதிவு செய்து வையுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023-ம் வருடத்துப் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவை. அதைத் தயாரிக்க வழக்கறிஞர் உதவுவார். அதே காலகட்டத்தில் நீங்கள் உண்மையாகப் பேசிய வேலைகளின் பதிவும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. உங்கள் குரலை அடையாளம் காணக்கூடிய சவுண்ட் இன்ஜினியர்கள் இருவரிடம் பேசி வையுங்கள். நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை மட்டும் போடாதீர்கள், மறுநாளே அந்த எபிசோடு காணாமல் போகும். இழப்பீட்டு வழக்குக்கு மீறல் நடந்த நாளிலிருந்து 3 வருடம் அவகாசம். நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம்.

இப்போது ஹாலிவுட். உங்கள் தோழர்கள் அதைப் பற்றிப் பேசுவது எனக்கு மகிழ்ச்சி, ஆனால் அங்கே என்ன கேட்டார்கள் என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். 2023 மே 2 அன்று எழுத்தாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், 148 நாள். ஜூலை 14 அன்று நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா சேர்ந்தது, 118 நாள். சுமார் 1,60,000 உறுப்பினர்கள். இரண்டு சங்கங்களும் ஒரே நேரத்தில் தெருவில் நின்றது 1960-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஏஐ-யே கூடாது என்பதல்ல அவர்கள் கேட்டது. கேட்டது சம்மதமும் கூலியும். நடிகர்கள் வாங்கிய ஒப்பந்தப்படி, ஒருவரை ஸ்கேன் செய்து நகல் எடுக்க 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். எதற்குப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதைத் தெளிவாக விவரித்து, தனியாகக் கண்ணில் படும்படி சம்மதம் வாங்க வேண்டும். நகல் செய்த வேலைக்கு, அந்த நடிகர் நேரில் வந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ அத்தனை நாள் சம்பளம்.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது அதற்குப் பிறகு நடந்தது. வீடியோ கேம்களுக்குக் குரலும் உடலசைவும் கொடுப்பவர்கள் 2024 ஜூலை 26 அன்று வேலையை நிறுத்தினார்கள். 2025 ஜூன் 11 வரை, கிட்டத்தட்ட 11 மாதம். திரையில் முகமே தெரியாத, பெயரே அறியப்படாத கலைஞர்கள் பலர். அவர்கள் வாங்கிய ஒரு உரிமையைப் படித்தபோது எனக்கு உங்கள் கடிதம் போன்ற பல கடிதங்கள் நினைவுக்கு வந்தன: வேலைநிறுத்தம் நடக்கும்போது, தன் நகலைக் கொண்டு புதிதாக எதையும் உண்டாக்கக் கூடாது என்று கலைஞர் சம்மதத்தை நிறுத்திவைக்கலாம். யோசித்துப் பாருங்கள். நீங்கள் வாசலில் கொடி பிடித்து நிற்கும்போது உள்ளே உங்கள் குரலே வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் போராட்டம் எத்தனை நாள் தாங்கும்? உங்கள் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாக இதை எழுதுங்கள்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமும் வந்துவிட்டது. நேரில் செய்திருக்கக்கூடிய வேலைக்குப் பதிலாக நகலைப் பயன்படுத்த, பயன்பாட்டைத் தெளிவாக விவரிக்காமலும், கலைஞர் பக்கம் வழக்கறிஞரோ சங்கமோ இல்லாமலும் எழுதி வாங்கிய பிரிவு அங்கே செல்லாது. நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லாததால், ஒப்பந்த வாசகம்தான் சட்டம். கோஆர்டினேட்டர் கொடுத்த பிரிவை அடித்துவிட்டு இப்படி எழுதிக் கேளுங்கள்:

"இந்தப் பதிவு (தொடரின் பெயர்) என்ற தமிழ் வடிவத்துக்கு மட்டும், (இத்தனை) வருடத்துக்கு. இதைக் கொண்டு குரல் நகல் எடுப்பதோ ஏஐ-க்குப் பயிற்சி கொடுப்பதோ கூடாது. அப்படித் தேவைப்பட்டால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாக எழுத்து மூலம் சம்மதமும் தனிக் கட்டணமும் வேண்டும். இதற்கு முன் பதிவான எதற்கும் இந்த ஒப்பந்தம் பொருந்தாது."

நான்கே வாக்கியம். பெரிய தயாரிப்பாளர்கள் அமெரிக்காவில் இதைவிட அதிகமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இங்கேயும் அனுமதி கேட்டுச் செய்தவர்கள் உண்டு. மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் 2024-ல் ஒரு பாடலில் ஏஐ மூலம் கொண்டுவந்த ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். இறந்தவருக்கே கேட்டுச் செய்ய முடியும் என்றால், உயிரோடு இருப்பவரிடம் கேட்பதில் என்ன சிரமம்?

கடைசியாக வேலைநிறுத்தம். ஒப்புக்கொள்ளாத புதிய வேலையை "மாட்டேன்" என்று சொல்வதற்கு யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அட்வான்ஸ் வாங்கி, பாதி பேசி நிற்கும் வேலையை முடித்துக் கொடுத்துவிடுங்கள். நடுவில் விட்டால் நஷ்டஈடு கேட்பார்கள். (பேசியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் உங்களைக் கட்டாயப்படுத்தாது, அது வேறு.) 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், தொழில் நிறுவனத்தின் தொழிலாளர்கள் 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். ஆளுக்கொரு நாள் கால்ஷீட்டில் வேலை செய்யும் நீங்கள் அந்தச் சட்டத்தின் "தொழிலாளர்" என்ற சொல்லுக்குள் வருவீர்களா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்தில் மாட்டிக்கொள்ளாமல் சங்கத்தின் மூலம் 14 நாள் நோட்டீஸ் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். சட்ட விரோத வேலைநிறுத்தம் என்று ஆனால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. அதே நாளில் அமலான பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் உங்களுக்கு ஒரு ஆயுதம் தருகிறது: அரசு அறிவிக்கும் ஊதிய வரம்புக்குள் வரும் ஒலி-ஒளித் துறைத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், அதைப் பதிவு செய்யாமல் வேலைக்கு வைக்கக் கூடாது. வாய்ப்பேச்சில் கூப்பிடும் கோஆர்டினேட்டரிடம் இதைக் கேளுங்கள்.

ஒரு எல்லையை மட்டும் தாண்டாதீர்கள். 2011-ல் கொல்கத்தாவில், இந்தி மகாபாரதத்தை வங்காளத்தில் டப் செய்து ஒளிபரப்பக் கூடாது என்று கலைஞர், தொழில்நுட்பக் கலைஞர் ஒருங்கிணைப்புக் குழு டிவி சேனல்களை எச்சரித்தது. எங்கள் பிழைப்பு போகிறது என்பதுதான் அவர்கள் குரலும். 2017-ல் உச்ச நீதிமன்றம் அது போட்டிச் சட்டத்தை மீறியது என்றது. தயாரிப்பு, வணிகத் தரப்பினரும் அவர்களோடு சேர்ந்து நின்றதால் வெறும் தொழிற்சங்கம் என்ற கவசம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நோட்டீஸ் கலைஞர்கள் சங்கத்தின் பெயரில் மட்டும் போகட்டும், கோஆர்டினேட்டர்களையும் ஸ்டூடியோ உரிமையாளர்களையும் கூட்டணியில் சேர்க்காதீர்கள். "நாங்கள் பேச மாட்டோம்" என்று எழுதலாம். "நீ ஒளிபரப்பக் கூடாது", "வேறு யாரையும் பேசவைக்கக் கூடாது" என்று எழுதக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஒரு தோழியை வாசலில் மறிக்கவும் கூடாது.

2016 தாளும், வவுச்சரும், புது ஒப்பந்தமும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வருமானம் வருடம் 3 லட்சத்துக்குக் குறைவோ அதிகமோ, பெண்கள் எல்லோருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கும் உரிமை உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. கோஆர்டினேட்டர் சொன்ன கெடு முடிவதற்குள், நான் மேலே எழுதிய நான்கு வாக்கியங்களை வைத்து அவருக்கு எழுத்திலேயே பதில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, பதிலை அழிக்காமல் வையுங்கள்.