மெக்கானிக்கல் முடித்தவர் இன்டர்வியூவில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் ஆகிறது. நான்கு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய்விட்டேன். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்ததுமே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு எப்படித் தயாராவது?

என் முதல் இன்டர்வியூ 2011இல், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில். நானும் தமிழ் வழிதான். முந்தைய நாள் ராத்திரி, அறை நண்பன் கொடுத்த இரண்டு பக்க ஆங்கிலப் பதிலை உருப்போட்டுக்கொண்டு போனேன். ஊர், அப்பா தொழில், பொழுதுபோக்கு, "நான் கடின உழைப்பாளி" என்று எல்லாம் அதில் இருந்தது. மூன்று வரி சரளமாக வந்தது. நான்காவது வரியில் ஒரு சொல் மறந்தது, அதோடு மொத்தமும் போய்விட்டது. எதிரே இருந்தவர் நல்ல மனிதர். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "தமிழ்லயே சொல்லுங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். தமிழிலும் எனக்கு ஒன்றும் வரவில்லை. நான்கு வருடத்தில் நான் கையால் செய்தது என்ன, எது புரிந்தது, எது பிடித்தது என்று அதுவரை உட்கார்ந்து யோசித்ததே கிடையாது. அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் இது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். சில வருடங்களாக, புதிதாக வருகிறவர்களைப் பார்க்கும் மேசையிலும் உட்காருகிறேன். அந்த மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள், உங்கள் வாழ்க்கையில் நடந்த சம்பவங்களைத் தயார் செய்யுங்கள். கேள்வி எந்தப் பக்கம் திரும்பினாலும் சம்பவம் கைகொடுக்கும். மனப்பாடம் ஒரு சொல் தவறினால் காலை வாரிவிடும்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சம்பவங்கள் எழுதுங்கள். ஏதாவது ஒன்றைக் கையால் செய்து முடித்தது, ஏதாவது தப்பாகப் போய்ச் சரிசெய்தது, நாலு பேரோடு சேர்ந்து வேலை பார்த்தது, ஒருவரோடு கருத்து ஒத்துப்போகாதது, தெரியாத ஒன்றைத் தானாகக் கற்றுக்கொண்டது, தோற்றது. கல்லூரியில்தான் நடந்திருக்க வேண்டும் என்று இல்லை. ஊர்த் திருவிழாவில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்த்தது, அப்பாவின் தறி நின்றபோது கழற்றிப் பார்த்தது, விடுமுறையில் லேத் பட்டறையில் நின்றது எல்லாம் கணக்கில் வரும். "எனக்குச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை அண்ணா" என்று சொல்லும் தம்பிகளிடம் அரை மணி நேரம் பேசினால் பத்து சம்பவம் வருகிறது. அவர்கள் அதையெல்லாம் சாதாரணம் என்று ஒதுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றையும் நான்கு பகுதியாக எழுதுங்கள்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன ஆனது. இதை ஆங்கிலத்தில் ஸ்டார் முறை என்பார்கள். பெயர் முக்கியமில்லை. பெரும்பாலானோர் முதல் பகுதியிலேயே இரண்டு நிமிடம் போக்கிவிட்டு, மூன்றாவதை "அப்புறம் நாங்க சேர்ந்து சரி பண்ணிட்டோம் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் காது கொடுத்துக் கேட்பது அந்த மூன்றாவது பகுதியைத்தான். "நாங்கள்" என்று சொல்லும் இடத்தில் "இதில் நீங்க பண்ணது எது?" என்று கட்டாயம் கேட்போம்.

நல்ல பதில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று காட்டுகிறேன். இன்பிளான்ட் டிரெய்னிங் போன ஒருவர் இப்படிச் சொல்லலாம்: "பதினைந்து நாள் சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரங்கள்) பிரிவில் இருந்தேன். ஒரு புஷ்ஷில் (குழாய் வடிவப் பாகம்) உள்விட்டம் அடிக்கடி அளவு தப்பிக்கொண்டிருந்தது. என்னை ரிஜெக்‌ஷன் எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணியதோடு, எந்த நேரத்தில் வருகிறது என்றும் பக்கத்தில் குறித்தேன். இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றுவதற்குச் சற்று முன்னால்தான் அதிகம் வந்தது. சூப்பர்வைசரிடம் தாளைக் காட்டினேன். இன்செர்ட்டைக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிப் பார்த்தார்கள், குறைந்தது." இதில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. சொன்ன வேலையோடு ஒரு கோடு கூடுதலாகப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். எங்களுக்கு அது போதும்.

சரி, உங்கள் முதல் சிக்கலுக்கு வருகிறேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது ஜாதகம் கேட்பது இல்லை. அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லாம் உங்கள் பயோடேட்டாவிலேயே இருக்கிறது. ஒன்றரை நிமிடம் போதும். என்ன படித்தேன், அதில் எது எனக்குப் பிடித்துப் போனது, அதற்கு அடையாளமாக ஒரு சம்பவம், இப்போது என்ன வேலை தேடுகிறேன், ஏன் இந்த வேலை. கடைசி வரி உங்கள் பேச்சை அந்தக் கம்பெனியோடு கட்டிப்போட வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் பதிலில் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறீர்களோ அதிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும். "மெஷர்மென்ட் பிடிக்கும்" என்றால் மெஷர்மென்ட்டில்தான் கேட்பார்கள். அதனால் தெரிந்ததைச் சொல்லுங்கள். பெருமைக்காக ஆட்டோமேஷன், ஏஐ என்று எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பயோடேட்டாவுக்கும் இதே விதிதான். அதில் அச்சான ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. காசு கொடுத்து வெளியில் செய்து வாங்கிய ப்ராஜெக்ட் என்றால், இன்றே உட்கார்ந்து அதைப் பிரித்துப் படியுங்கள். என்ன மோட்டார், ஏன் அந்தப் பொருள், எவ்வளவு செலவு, எங்கே தோற்றது. முழுவதும் புரியாவிட்டால் உங்களுக்குப் புரிந்த ஒரு பகுதியையாவது ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "டிசைன் வெளியில செஞ்சது சார், ஆனா ஷாஃப்ட் கணக்கு நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த நேர்மைக்கு என்னிடம் மதிப்பு உண்டு.

பலவீனம் என்ன என்று கேட்டால், "ரொம்ப உழைப்பேன், அதுதான் பலவீனம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நாளுக்கு நாலு முறை இதே பதிலைக் கேட்கிறோம். உண்மையான ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சேருங்கள். "கூட்டத்தில் பேசத் தயங்குவேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்." இது பதில். அரியர் இருந்ததா, ஒரு வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்ற கேள்விகளும் இதே வகைதான். வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்த நாட்களில் கற்றது எதுவோ அதற்குப் போய்விடுங்கள். நீளமாக விளக்க விளக்க, மறைக்கிற மாதிரி தெரியும்.

இனி பாடம். நம் துறையில் வழக்கமான கேள்விகள் கொஞ்சம்தான். வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் (அது காட்டும் மிகச் சிறிய அளவு), மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட், ஃபிட் வகைகள் (இரண்டு பாகம் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்பது), 5எஸ் (வேலை இடத்தை ஒழுங்காக வைக்கும் முறை), ஏழு தரக் கருவிகள், சிபிகே (உற்பத்தி அளவு வரம்புக்குள் நிற்கிறதா என்று காட்டும் எண்) என்றால் என்ன. இவற்றில் எல்லோரும் விடையைச் சொல்லிவிடுகிறார்கள், ஏன் என்றால் விழிக்கிறார்கள். வெர்னியருக்கு 0.02 மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். 49 மில்லிமீட்டர் நீளத்தை 50 பாகமாகப் பிரித்ததால் ஒரு பாகம் 0.98, முதன்மை அளவுகோலின் 1 மில்லிமீட்டரில் அதைக் கழித்தால் 0.02 என்று போட்டுக் காட்டுகிறவர் குறைவு. மைக்ரோமீட்டரில் புரி ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும், திம்பிளில் (சுற்றும் உருளையில்) 50 கோடு, அதனால் 0.01. இவ்வளவுதான் கணக்கு, ஆனால் ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தவருக்குத்தான் அந்த நேரத்தில் வரும்.

நான் வாயால் கேட்பதோடு விடுவதில்லை. மேசையில் ஒரு வெர்னியரும் ஒரு புஷ்ஷும் வைத்திருப்பேன். "இதை அளந்து சொல்லுங்க." பெரும்பாலானோர் எடுத்ததும் புஷ்ஷைக் கவ்வி, எண்ணைப் படிப்பார்கள். ஒருமுறை திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் பேசினார். வெர்னியரை வாங்கினார், தாடை இரண்டையும் துப்பட்டா நுனியால் துடைத்தார், மூடினார், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தார், சுழியம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் புஷ்ஷைத் தொட்டார். ஓரிடத்தில் அளந்தவர், கால் சுற்றுத் திருப்பி இன்னொரு தடவை அளந்து, "ரெண்டு பக்கமும் வேற வேற வருது சார், ஓவல் ஆயிருக்கலாம்" என்றார். அந்த புஷ் உண்மையிலேயே ஓவல் ஆன பீஸ்தான், அதனால்தான் மேசைக்கு வந்திருந்தது. அவர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவரை எடுத்துக்கொண்டோம்.

உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இன்னும் உள்ளே விடுவார்கள் என்றால், போய் ஒரு மணி நேரம் இப்படி அளந்துவிட்டு வாருங்கள். பக்கத்துப் பட்டறையில் கேட்டாலும் கொடுப்பார்கள்.

ஆங்கிலம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஷாப் ஃப்ளோர் (உற்பத்திக் கூடத்து) வேலைக்குத் தமிழில் பதில் சொல்லலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டிய வேலை என்றால் ஆங்கிலம் வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. உங்கள் ஆறு சம்பவங்களையும் முதலில் தமிழில் சொல்லிப் பழகுங்கள், தெளிவான பிறகு அதே சம்பவத்தைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியத்தில் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் இரண்டு நாள் உங்கள் குரலையே கேட்கப் பிடிக்காது, மூன்றாம் நாள் பழகிவிடும். யாரையாவது எதிரே உட்கார வைத்துச் சொல்வது இன்னும் நல்லது. எனக்கு என் அக்கா உட்கார்ந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவருக்குப் புரியாத இடத்தில் "அப்படின்னா?" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் நான் பேசக் கற்றேன்.

"ஏன் எங்கள் கம்பெனி?" என்ற கேள்விக்கு அவர்கள் இணையதளத்தில் பத்து நிமிடம் போதும். என்ன பொருள், யாருக்குக் கொடுக்கிறார்கள், எங்கெங்கே ஆலை. வாகன உதிரிபாகம் என்றால் ஐஏடிஎஃப் 16949 என்ற தரநிலைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் வந்தது, அதற்கு முன் இருந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 16949க்குப் பதிலாக. இதைத் தெரிந்து வைத்திருந்தாலே தரப் பிரிவு நேர்காணலில் பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

சம்பளக் கேள்வியில் பல பேர் ஏமாந்து வருகிறார்கள், அதனால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். சிடிசி (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வருடம் 3 லட்சம் என்றால் மாதம் 25,000. அது உங்கள் கைக்கு வரும் தொகை கிடையாது. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,500. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று 4.81 சதவீதம், சுமார் 601. இரண்டையும் சிடிசிக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். மீதி 22,899. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500 போனால் 21,399. கேன்டீன், பஸ், தொழில் வரி இதிலிருந்து பிடிப்பார்கள். போனஸையும் சிடிசியில் சேர்த்திருந்தால் மாதம் கைக்கு வருவது இன்னும் குறையும். அதனால் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றால், அறை வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் முன்கூட்டியே கூட்டி வைத்து, "கைக்கு இவ்வளவு வந்தால் சமாளிப்பேன் சார்" என்று எண்ணைச் சொல்லுங்கள். "நீங்க பார்த்துக் கொடுங்க" என்பது பணிவாகத் தெரியலாம், எதிரே இருப்பவருக்கு அது வசதியாகத்தான் போகும்.

கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். அப்ரன்டிஸா, டிரெய்னியா, கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா என்று கேளுங்கள். அப்ரன்டிஸ் என்றால் 1961ஆம் வருடச் சட்டப்படி அது பயிற்சி, நீங்கள் பயிற்சியாளர், முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கம்பெனிக்கு இல்லை. பயிற்சி எத்தனை மாதம், பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, ஷிஃப்ட் எப்படி என்றும் கேளுங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன்னால் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, உள்ளே கேட்ட கேள்விகளை வரிசையாக அந்த நோட்டில் எழுதிவிடுங்கள். பஸ் ஏறினால் பாதி மறந்துவிடும். எதில் தடுமாறினீர்களோ அதன் பக்கத்தில் ஒரு கோடு. நீங்கள் போய்வந்த நான்கு இன்டர்வியூவில் நினைவிருக்கும் கேள்விகளையும் இன்று ராத்திரியே அதில் சேருங்கள். ஐந்தாவது கம்பெனியில் அவற்றில் பாதிக்கு மேல் திரும்ப வரும்.