செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற முடியுமா?

தாத்தா தம் வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டார், இப்போது சோறு போட ஆளில்லை, பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். முதலில் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள்.

என் பெரியம்மா இளைய மகனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம், ‘உன்மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று தொடங்கி, ‘இனி எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்’ என்று முடிந்தது. கடைசிவரை அவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. ஆறே மாதத்தில் பட்டாவும் மின் இணைப்பும் பெயர் மாறின. முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் வரும் ஏடிஎம் அட்டை மருமகள் கைக்கும், பெரியம்மாவின் கட்டில் பின்கட்டுக்கும் போயின. யாரும் கை நீட்டி அடிக்கவில்லை என்பதால் அக்கம்பக்கத்தார் அதைக் கொடுமையாகவே கருதவில்லை.

60 வயது நிறைந்த ஒருவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர் அவ்வாறு பராமரிக்க மறுத்தால், அப்பத்திரம் செல்லாது என்று அறிவிக்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதிய பத்திரமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்பினால் எழுதிக்கொடுத்தது என்பதிலேயே பராமரிப்பு அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உங்களுக்குக் கைகொடுக்கும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். விவரம் கேட்க 14567 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரியம்மாவுக்காக நான் எழுதிக்கொடுத்த மனுவின் விசாரணையில் ‘யார்மீது புகார்?’ என்று கேட்டபோது, அவர் மகன் பெயரைச் சொல்லாமல், ‘வீட்டில் இருக்கிறவர்கள்’ என்றார். பத்திரத்தை ரத்து செய்ய வேண்டாம், அட்டையும் முன்னறையும் போதும் என்றும் சொல்லிவிட்டார். அலைந்து திரிந்து மனு எழுதிய எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அட்டை திரும்பி வந்தது, மாதம் 3,000 ரூபாய்க்கு உத்தரவும் ஆயிற்று. வீடு இன்னும் மகன் பெயரில்தான் இருக்கிறது.

ஆகவே, வீடு திரும்ப வேண்டுமா, மாதப் பணம் போதுமா என்பதை மனு எழுதும் முன்பே தாத்தாவிடம் கேட்டுவிடுங்கள்; அப்போது உங்கள் இருவரையும் தவிர வேறு யாரும் அங்கே இருக்க வேண்டாம்.