தில்லியில் இலையுதிர்காலப் பிறந்தநாள்: பவழமல்லி இருக்க மேப்பிள் எதற்கு?

தில்லிக்கு வந்து 22 வருடம் ஆகிறது. நர்சரி வகுப்பு டீச்சராகக் கொஞ்ச காலம், அப்புறம் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் பிறந்தநாள் என்றாலும் "அக்காவைக் கூப்பிடு" என்று ஆகிப்போன கொஞ்ச காலம். இந்த முறை எல்லோரும் கேட்டிருப்பது ஆட்டம் தீம். இதைச் சொன்னதும் என் மாமியார், "ஆட்டமா? பிள்ளைகள் ஆடினால் நல்லதுதானே" என்றார். இலையுதிர்காலத்துக்கு இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் புரிந்துகொண்டதே சரி. அலங்காரத்துக்குப் பத்தாயிரம் செலவழித்துவிட்டு, பிள்ளைகள் ஆட ஒரு மூலையும் இல்லாத விழாக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, கேள்விகளுக்குப் போவோம்.

மயூர் விகார் அம்மா: அக்டோபர் 24-ல் மகளுக்கு 5 வயது முடிகிறது. வாரக் கடைசி எல்லாம் ஏதாவது ஒரு பண்டிகையில் மாட்டுகிறது. எந்த நாள் வைக்கலாம் அக்கா?

முதலில் பஞ்சாங்கம், அப்புறம்தான் பலூன். நவராத்திரி அஷ்டமி, நவமியைத் தொடாதீர்கள். அந்த இரண்டு நாளும் காலையில் வடக்கத்தியர் வீடுகளில் சின்னப் பெண் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து, கால் கழுவி, பூரியும் கறுப்புக் கொண்டைக்கடலையும் ரவை அல்வாவும் கொடுப்பார்கள். ஒரு குழந்தை ஐந்தாறு வீடு ஏறி இறங்கும். என் மகளுக்கு 6 வயதான வருடம் இது தெரியாமல் அஷ்டமி மதியம் கேக் வெட்டினேன். வந்த பெண் பிள்ளைகள் வயிற்றைத் தடவிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார்கள். முக்கால் கேக் அப்படியே மிஞ்சியது.

நவராத்திரி முடிந்து வரும் பௌர்ணமி கழிந்த நாலாம் நாள் கர்வா சௌத் விரதம். நிலா தெரியும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் அம்மாக்கள் முன்னால் பாவ் பாஜி கிளறுவது பாவம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு சாலையில் வண்டி நகராது. தீபாவளி முடிந்தால் காற்று கெட்டுவிடும். ஆக, விஜயதசமிக்கும் கர்வா சௌத்துக்கும் நடுவில் விழும் ஞாயிறுதான் என் சிபாரிசு. எந்த வருடம் பார்த்தாலும் ஒன்று கிடைத்துவிடும். தேதி கொஞ்சம் முன்பின் ஆனால் குழந்தைக்குத் தெரியப் போவதில்லை. நட்சத்திரத்தன்று ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் ஓர் அர்ச்சனை செய்துவிடுங்கள், பாட்டிகளுக்கும் திருப்தி.

பூங்காவில் வைப்பதென்றால் மூன்று மணிக்கே ஆரம்பியுங்கள். அக்டோபர் கடைசியில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் விழுந்துவிடும், கொசு வந்துவிடும்.

துவாரகாவிலிருந்து: சிவப்பு மேப்பிள் இலை பிளாஸ்டிக் தோரணம் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? நிஜ இலை எங்கே கிடைக்கும்?

நிஜ இலை கிடைக்காது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஆறு பருவங்களில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று எண்ணிப் பாருங்கள், இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர், குளிர் தொடங்கும் காலம். தில்லி மரங்களும் நம் கட்சிதான். வேம்பும் அரசும் இங்கே இலை கொட்டுவது பிப்ரவரி, மார்ச் வாக்கில். அக்டோபரில் எல்லாம் மழை குடித்துப் பச்சைப் பசேலென்று நிற்கும். செம்பழுப்பு சினார் இலை வேண்டுமென்றால் காஷ்மீருக்குத்தான் போகவேண்டும்.

ஆனால் இந்த மாதத்தில் தில்லியில் வேறொன்று உதிர்கிறது. பவழமல்லி. இங்கே ஹர்சிங்கார் என்பார்கள். இரவில் பூத்து, விடிவதற்குள் தரையெல்லாம் வெள்ளையும் செம்மஞ்சளுமாகக் கிடக்கும். உங்கள் செக்டரிலேயே நாலு மரமாவது இருக்கும், காவலாளியைக் கேளுங்கள். விழா அன்று காலை ஆறு மணிக்குப் போய்ப் பொறுக்குங்கள். ஈரத்துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் மதியத்துக்குள் இதழ் சுருண்டு பழுப்பாகிவிடும்.

அந்த ஆரஞ்சுக் காம்பை மட்டும் கிள்ளி, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தால் காவி கலந்த மஞ்சள் இறங்கும். அந்தக் காலத்தில் துணிக்குச் சாயம் போட்டதே இந்தக் காம்பில்தான். 5 வயதுப் பிள்ளைகள் அரை மணி நேரம் தலை நிமிராமல் செய்வார்கள். விரல் நுனியெல்லாம் மஞ்சளாக வீட்டுக்குப் போவார்கள்.

மற்றபடி செண்டுமல்லி இந்த மாதம் கொட்டிக் கிடக்கும், காஜிப்பூர் பூச்சந்தையில் விடியற்காலை போனால் மலிவு. யமுனைக் கரையில் நாணல் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஒரு கட்டு ஜாடியில் நின்றால் வேறு எதுவும் வேண்டாம். இலை வடிவம் கட்டாயம் வேண்டுமென்றால் சாவ்ரி பஜாரில் பழுப்புத் தாளும் செங்கல் நிறத் தாளும் வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தோரணம் வாங்கினால் தப்பில்லை, பத்து வருடம் பரணில் கிடக்கும், அவ்வளவுதான்.

நொய்டாவிலிருந்து: பூசணியில் கண், மூக்கு வெட்டி உள்ளே விளக்கு வைக்க ஆசை. இங்கே எந்தக் காயை வாங்குவது?

தள்ளுவண்டியில் "சீதாஃபல்" என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், தில்லிப் பக்கம் பரங்கிக்காய்க்கு அதுதான் பெயர். நம் சீதாப்பழம் வேண்டுமென்றால் ஷரீஃபா என்று கேட்கவேண்டும். நான் வந்த புதிதில் மாமனாருக்குப் பிடிக்குமே என்று இரண்டு கிலோ சீதாஃபல் கேட்டு, பரங்கிக் கீற்றோடு வீட்டுக்கு வந்தவள்.

வெட்டுவதை விட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் வகை உள்ளே கூடாக இருக்கும். நம் பரங்கிக்குச் சதை தடிமன், தோலும் கெட்டி, கத்தி வழுக்கிக் கையில் ஏறும். தவிர, கண் மூக்கு வெட்டுவது அக்டோபர் 31-ல் வரும் ஹாலோவீன் வழக்கம், நமக்கு அது அவசியமும் இல்லை. சின்னச் சின்ன முழுப் பரங்கியாக வாங்கி, கறுப்புத் துணியில் கண்ணும் மீசையும் வெட்டி மாவுப் பசையால் பிள்ளைகளை ஒட்டச் சொல்லுங்கள். பெயின்ட் வேண்டாம். மறுநாள் துணியை உரித்துக் கழுவிவிட்டால் புளிக்குழம்புக்கு ஆச்சு.

குருகிராம் அப்பா: இலையைக் குவித்துப் பிள்ளைகளைக் குதிக்கவிடும் வீடியோ பார்த்தேன். பூங்காவில் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. நான் ஒரு முறை தோட்டக்காரரிடம் சொல்லி இரண்டு மூட்டைச் சருகு வாங்கிக் குவித்தேன். கம்பளிப்பூச்சி இருந்திருக்கிறது. மூன்று குழந்தைகளுக்குக் கழுத்தெல்லாம் தடிப்பு, நான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். நாய் அசிங்கம் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

அதற்குப் பதில் இலையைத் தாளில் எடுக்கும் விளையாட்டு. அரச இலையை நரம்பு மேலே தெரியக் கவிழ்த்து வைத்து, மெல்லிய வெள்ளைத் தாளை மேலே போட்டு, காகிதம் உரித்த கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்க்கவேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் நடு நரம்பு, கிளை நரம்பு, கடைசியில் அந்த நீள நுனி. "வால் வந்துடுச்சு!" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கத்துவார்கள்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் இலை ஏன் நிறம் மாறுகிறது என்றும் சொல்லிக்கொடுக்கலாம். மஞ்சள் புதிதாக வருவதில்லை, ஏற்கெனவே இலைக்குள் இருக்கிறது. பச்சையம் சிதையும்போது அது வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் பல மரங்களில் அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாகிறது. குதிக்கத்தான் வேண்டுமென்றால் பழைய செய்தித்தாளைக் கசக்கி ஒரு மெத்தை விரிப்பு நிறையக் கொட்டுங்கள்.

முனிர்க்காவிலிருந்து: 15 குழந்தைகள், 10 பெரியவர்கள். பீட்ஸா இல்லாமல் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. அக்டோபர் பிற்பாதியில் ஷகர்கந்தி வண்டி வந்துவிடும், நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். 3 கிலோ போதும். முதல் நாளே முக்கால் பதம் வேகவைத்து, விழா அன்று தோலுரித்துத் துண்டு போட்டு, இரும்புத் தவாவில் ஓரம் கருகும்வரை புரட்டி, எலுமிச்சையும் சாட் மசாலாவும். பிள்ளைகளுக்குக் காரம் குறைத்து. இதற்குப் பக்கத்தில் மினி இட்லி, பட்டாணிச் சுண்டல், சீவிய ஆப்பிள். இமாசல, காஷ்மீர் ஆப்பிள் வரத்து இப்போதுதான், விலையும் சரியாக இருக்கும். குளத்தில் விளையும் சிங்காடாக் காயும் வரும், ஆனால் உரித்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

கேக்குக்கு கேரட் என்று போகாதீர்கள். தில்லியின் நல்ல சிவப்பு கேரட் குளிர் ஏறிய பிறகுதான். துருவிய பரங்கியும் பட்டைத் தூளும் போட்டு முட்டையில்லாமல் செய்யச் சொல்லுங்கள். நவராத்திரி சமயமென்றால் விருந்தினரில் பலர் முட்டை, வெங்காயம், பூண்டு தொட மாட்டார்கள்.

நாலு வயதுக்குக் கீழே யார் வந்தாலும் பாப்கார்னும் முழு நிலக்கடலையும் மேஜையில் இருக்கக்கூடாது. திராட்சையை நீளவாக்கில் வெட்டுங்கள். கொட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தை உண்டா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கரோல் பாகிலிருந்து ஒரு தாத்தா: சாயங்காலம் சின்னதாகச் சருகு மூட்டிக் குளிர்காய வைத்தால் பேரன் சந்தோஷப்படுவான்.

மாமா, தயவுசெய்து வேண்டாம். தில்லியில் இலை எரிக்கத் தடை, பிடித்தால் 5000 ரூபாய் அபராதம். அதுவும் அக்டோபர் பகலில் 30 டிகிரி அடிக்கும், எந்தக் குளிரை விரட்டப் போகிறீர்கள்? ஸ்வெட்டரும் வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிடுங்கள். படத்துக்காகக் கம்பளி மாட்டி வேர்க்குருவோடு அழுத குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

ரோகிணியிலிருந்து: கேஸ் பலூனும், கேக் வெட்டும்போது அடிக்கும் நுரை ஸ்ப்ரேயும் சதர் பஜாரில் மொத்த விலைக்குக் கிடைக்கிறதாமே?

பேப்பர் தட்டு, தோரணம், பரிசுப் பை எல்லாம் அங்கே வாங்குங்கள். ஞாயிறு வேண்டாம், பெரிய கடைகள் மூடியிருக்கும். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டும் வேண்டாம். தெருவில் பலூனுக்கு அடைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன், மெழுகுவத்தி பட்டால் குப்பென்று பிடிக்கும். ஹீலியம் என்று உறுதியாகத் தெரிந்தால் சரி. அந்த நுரையைத் தள்ளும் வாயுவும் தீப்பிடிப்பதுதான். எரியும் மெழுகுவத்திக்கு மேல் அதை அடிப்பதைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும். வாயால் ஊதிய பலூன் தரையில் கிடந்தால்தான் பிள்ளைகளுக்கு உதைக்க வசதி.

வசந்த் குஞ்சிலிருந்து: மகனுக்கு வீசிங் உண்டு. நவம்பர் 9 பிறந்தநாள். வெளியே வைக்கலாமா?

நவம்பரில் வெளியே என்று திட்டமே போடாதீர்கள். வீட்டுக்குள் என்று முடிவு செய்யுங்கள், காற்று நன்றாக இருந்தால் வெளியே போவது போனஸ். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றுத்தரக் குறியீட்டைப் பாருங்கள். 200-ஐத் தாண்டினால் "மோசம்", 300-க்கு மேல் "மிக மோசம்", 400-க்கு மேல் "கடுமை". என் வழக்கம் 200 தாண்டினால் உள்ளே, 300 தாண்டினால் வீசிங் குழந்தை இருக்கும் விழாவைத் தள்ளிவைப்பது. உங்கள் டாக்டர் சொல்வது அதற்கும் மேலே.

உள்ளே ஊதுவத்தி, வாசனை மெழுகுவத்தி ஏற்றாதீர்கள். அலங்காரத்துக்கு ஏழிலைப்பாலைக் கொத்தும் வேண்டாம். தில்லித் தெருக்களில் அக்டோபர் இரவில் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை அதனுடையதுதான். பெரியவர்களுக்கே சிலருக்குத் தலை வலிக்கும். இன்ஹேலர் உங்கள் இடுப்புப் பையில் இருக்கட்டும், அலமாரியில் வேண்டாம்.

ஜனக்புரியிலிருந்து: திருப்பிக் கொடுக்கும் பரிசு?

பக்கத்தில்தானே உத்தம் நகர் குயவர் காலனி! ஆளுக்கு நாலு அகல், ஒரு சின்ன மண்சட்டி. தீபாவளி நெருங்க நெருங்க விலை ஏறும், முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

ராமகிருஷ்ணபுரத்திலிருந்து: மாமியார், "இலை உதிர்வதைப் பிறந்தநாளன்று வைப்பார்களா, அபசகுனம்" என்கிறார். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு சரியில்லை.

அம்மா, அவரோடு வாதாடாதீர்கள். அழைப்பிதழில் இலையுதிர்காலம் என்ற சொல்லையே போடாமல் "பவழமல்லிப் பிறந்தநாள்" என்று போடுங்கள். கீழே விழுந்ததைப் பொறுக்கி சாமிக்குப் போடலாம் என்று நம் பெரியவர்கள் விட்டிருக்கும் பூ அது. அவரையே காலையில் பேத்தியோடு பூப் பொறுக்க அனுப்புங்கள். மெழுகுவத்தி ஊதி அணைப்பது அவருக்குப் பிடிக்காதென்றால் குழந்தை குத்துவிளக்கை ஏற்றட்டும், அப்புறம் கேக். என் அனுபவத்தில் மாமியார் கையில் ஒரு பூக்கூடையைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடைசியாக, சரோஜினி நகரிலிருந்து: என் பையன் மார்ச்சில் பிறந்தவன். அவனுக்கும் இதே தீம்தான் வேண்டுமாம். தப்பான பருவம் என்று எப்படிப் புரியவைப்பது?

புரியவைக்க வேண்டியது உங்களுக்குத்தான்! மேலே சொன்னேனே, தில்லியில் நிஜமாக இலை கொட்டுவது அவன் மாதத்தில்தான். மார்ச் நடுவில் ஒரு காலை லோதி சாலைப் பக்கம் அழைத்துப் போங்கள். வேப்பிலை மஞ்சளாக, காற்று அடிக்கும்போதெல்லாம் மழை மாதிரி இறங்கும். சில அரச மரங்களில் பழைய இலை போய்ச் செம்பு நிறத்தில் தளிர் வந்துகொண்டிருக்கும். ஆளுக்கு ஒரு துணிப்பை கொடுத்துப் பொறுக்கவிடுங்கள், தூசு தட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றினால் பத்து நாளில் தட்டையாகக் காய்ந்துவிடும். அதனால் விழாவை மாதக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரங்கிக்காய்க்கும் கவலையில்லை, சீதாஃபல் வண்டி அப்போதும் வரும்.