கல்லாவில் கேரியர் சாப்பாடு

கேள்வி: தர்மபுரி, காரிமங்கலம், கிருஷ்ணகிரி மூன்று ஊரிலும் எங்களுக்கு ஓட்டல் இருக்கிறது. அம்மா களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டு ஆரம்பித்த மெஸ்தான் இப்படி வளர்ந்தது. இப்போது தந்தூரி, ஃப்ரைடு ரைஸ், ஷவர்மா என்று மெனுவில் 140 அயிட்டம். 2023-இல் களியை எடுத்துவிட்டோம். ஒன்றரை வருஷமாக நஷ்டம். மறுபடி களி, நாட்டுக்கோழியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். வருகிற கூட்டமும் போய்விடும் என்கிறார் பங்குதாரரான மைத்துனர். அம்மா அனுப்பிய கேரியரைக் கல்லாவில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், காரிமங்கலம்

பதில்: மெனு இருக்கட்டும், அந்தக் கேரியருக்கு வருகிறேன். உங்கள் கடைச் சாப்பாட்டை நீங்களே சாப்பிடுவதில்லை. அதுவும் மறைவாக அல்ல, பில் கட்ட வருகிறவன் கண்ணெதிரே! 140 அயிட்டத்தில் ஒன்றுகூடவா உங்கள் வாய்க்குப் பிடிக்கவில்லை? உங்களுக்கு வேண்டாததைக் காசு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போடுகிறீர்கள். நஷ்டத்துக்கு வேறு காரணம் தேடாதீர்கள்.

2023 ஐ.நா. சபை அறிவித்த சிறுதானிய ஆண்டு. உங்கள் மாவட்டத்து ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். அப்போது பார்த்துக் களியை எடுத்திருக்கிறீர்கள், கெட்டிக்காரத்தனம்!

மைத்துனரின் பயம் வீண். ஓசூர் வழியாக 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் வருகிற பெங்களூருக்காரருக்குக் கேழ்வரகுக் களி புதிதா? அவர் ஊரில் அதற்கு ராகி முத்தே என்று பெயர். தந்தூரி அவர் தெருமுனையிலேயே கிடைக்கும். அதற்காகக் காரிமங்கலத்தில் காரை நிறுத்த மாட்டார்.

ஆகவே குறையுங்கள். ஆனால் களி சும்மா வராது. ஆறினால் இறுகிவிடும், காலையில் கிண்டியதை ராத்திரி போட முடியாது. நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டத் தோளில் வலு வேண்டும். வேளைக்கு இரண்டு மூன்று முறை, மூன்று கடையிலும், யார் கிண்டுவது? 'அம்மா இருக்கிறாரே' என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள். அதை இப்போதே அழித்துவிடுங்கள். வயசான காலத்தில் தாயை அடுப்படியில் நிறுத்திக் கடையைத் தூக்கி நிறுத்துவது பிள்ளைக்கு அழகில்லை. பக்குவம் சொல்ல அவர் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். துடுப்பை நீங்கள் பிடியுங்கள். ஆமாம், முதலாளிதான். நீங்கள் கற்றுக்கொண்ட பிறகு மாஸ்டர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதுவரை காரிமங்கலம் கடையில் மட்டும் மாற்றுங்கள். உங்கள் மதியச் சாப்பாடும் இனி அங்கேதான், இலை போட்டு, வாடிக்கையாளர் பக்கத்தில்.

மைத்துனர் ஒத்துவராவிட்டால் ஒரு கடையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஷவர்மாவை அவர் விற்கட்டும். மனைவியின் உடன்பிறந்தவரோடு கல்லாவில் நின்று சண்டை போடக் கூடாது.

இன்னொன்று. மைத்துனருக்குப் பங்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மெஸ்ஸை ஆரம்பித்த அம்மாவுக்கு என்ன பங்கு என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. புது மெனு அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் போய் அந்தப் பங்கை அம்மா பெயருக்கு எழுதி வையுங்கள்.